லேக் எந்த வழியில் வரும்? கைப்பிடி அழுத்தம் முதல் இடுப்புத் திருப்பம் வரை ஓர் ஒப்பீடு

கோல்ஃப் ஓரளவு பழகி, பந்து மேலே எழும்பினாலும் தூரம் போகாமல் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் 'லேக்' என்ற சொல்லில் வந்து முட்டுவார்கள். கிளப் மேலிருந்து பந்தை நோக்கி இறங்கும் டவுன்ஸ்விங்கில் கைகள் முன்னே வர, கிளப் தலை பின்தங்கி வருவதுதான் லேக். இடது முன்கைக்கும் கிளப்பின் தண்டான ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள கோணம் எவ்வளவு தூரம் விரியாமல் இறங்குகிறதோ, அவ்வளவு லேக். (வலது கை ஆட்டக்காரரை வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் மாற்றி வாசிக்கவும்.) அந்தக் கோணம் மேலேயே விரிந்துவிட்டால் வேகம் பந்தை அடையும் முன்பே செலவாகிவிடும். கிளப் பந்தைத் தொடும் முன்பே மண்ணை வெட்டும் (ஃபேட்), இல்லையென்றால் பந்தின் வயிற்றில் பட்டு, பந்து தாழ ஓடும் (தின்).

இதைச் சரிசெய்யப் போனால் ஆளுக்கொரு அறிவுரை. கோணத்தை விடாமல் பிடித்து வை என்கிறார் ஒருவர். பிடியைத் தளர்த்து, தானாக வரும் என்கிறார் இன்னொருவர். வலது ஆள்காட்டி விரலில் அழுத்தத்தைத் தேடு என்கிறார் மூன்றாமவர். கையை மறந்துவிடு, இடுப்பை முதலில் திருப்பு என்கிறார் நான்காமவர். நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கையும் ஒரே மாதத்தில் முயன்றால் ஒன்றும் ஒட்டாது. ஒன்றை எடுத்து மற்ற மூன்றை ஒத்திவைக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 15க்கு மேல் ஹேண்டிகேப் (எண் கூடக் கூட ஆட்டம் பலவீனம்) உள்ள பெரும்பாலோருக்கு மூன்றாவது வழிதான் நல்லது. ஆனால் அது பொருந்தாத ஆட்களும் உண்டு. அதற்காகத்தான் இத்தனை விளக்கம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் நேரம். கிளப் மேலிருந்து பந்து வரை இறங்க எடுத்துக்கொள்வது சுமார் கால் விநாடி. ஒன்றைக் கண்டு கை அசையவே நமக்கு 0.2 விநாடி அளவில் ஆகிவிடும். ஆக, இறங்கும் வழியில் 'இப்போது மணிக்கட்டை விடு' என்று கட்டளை போட நேரமே இல்லை. நடுவழியில் யோசிக்கச் சொல்லும் எந்த உத்தியும் மெதுவான ஒத்திகையில் அழகாக இருக்கும், முழு வேகத்தில் காணாமல் போகும்.

இரண்டாவது, பையில் உள்ள எல்லா கிளப்புக்கும் அது ஒத்துவருமா என்பது. நடுத்தர தூரத்துக்கான 7 அயர்னில் கைகள் பந்துக்கு முன்னால் (இலக்குப் பக்கம்) இருந்தால் பந்தை முதலில் அடித்து அப்புறம் மண்ணைத் தொடலாம். அதிக தூரத்துக்கான நீண்ட கிளப்பாகிய டிரைவரில் அதே அளவு முன்னால் போனால் லாஃப்ட் (முகப்பின் சாய்வு) செத்து, பந்து தாழப் பறந்து விழுந்துவிடும். பெண்களின் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏவில் டிரைவர் வேகம் சராசரியாக மணிக்கு 94 மைல் அளவில்தான் இருக்கிறது. நம்மில் நல்ல வேகமுள்ள அமெச்சூர் ஆண்களின் வேகமும் அதுதான். அந்த எல்பிஜிஏ பெண்கள் டிரைவரைச் சராசரியாக 3 டிகிரி அளவுக்கு மேல்நோக்கி அடித்து அந்த வேகத்திலிருந்து தூரத்தைக் கறக்கிறார்கள். மணிக்கு 113 மைலுக்கும் மேலான வேகத்தில், சற்றே கீழ்நோக்கி அடிக்கும் பிஜிஏ தொழில்முறை ஆண்களை நாம் நகலெடுப்பதை விட இவர்களைப் பார்த்துக் கற்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, கிளப் ஃபேஸை (பந்தைத் தொடும் முகப்பை) அது வலப்பக்கம் திறக்கிறதா, இடப்பக்கம் மூடுகிறதா. நான்காவது, பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதபோது நாமே சரிபார்த்துக்கொள்ள முடியுமா. கடைசியாக உடம்பு: மணிக்கட்டு, முழங்கை, முதுகு தாங்குமா.

## எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபேஸ்

கிளப்பை மேலிருந்தே எறிவதைக் காஸ்டிங் என்பார்கள். அதை ஒரு கெட்ட பழக்கமாக மட்டும் பார்ப்பதுதான் பலருடைய பயிற்சி வீணாவதற்குக் காரணம். பெரும்பாலும் அது உடம்பு தானாகச் செய்துகொள்ளும் திருத்தம். பிடி வீக்காக (இடது கை அதிகம் இடப்பக்கம் திரும்பி) இருக்கிறது, மேலே போனதும் இடது மணிக்கட்டு பின்பக்கம் மடிகிறது, ஃபேஸ் திறந்தபடியே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அடித்தால் பந்து வலப்பக்கம் போகும் என்பது உடம்புக்குப் பழகிப்போன சங்கதி. ஃபேஸை நேராக்க அதற்குத் தெரிந்த ஒரே குறுக்குவழி, வலது மணிக்கட்டை நிமிர்த்திக் கிளப் தலையை முன்னே தள்ளுவது. தள்ளியதும் லேக் போய்விட்டது. இந்த நிலையில் ஒருவரிடம் லேக்கைப் பிடித்து வையுங்கள் என்றால், நேராக்கும் வழியையும் பிடுங்கிக்கொண்டோம் என்று பொருள். பந்து இன்னும் கோரமாக வலப்பக்கம் வளையும் (ஸ்லைஸ்). இரண்டே வாரத்தில் பழைய ஸ்விங்குக்குத் திரும்பிவிடுவார்.

எனவே முதலில் பிடியைப் பாருங்கள். பந்தின் முன் நின்று குனிந்து பார்க்கும்போது இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால், லேக் பற்றிப் பேசும் முன் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்துப் பழகுங்கள்.

தொழில்முறை வீரர்கள் டஸ்டின் ஜான்சனும் ஜான் ராமும் ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டை முன்பக்கம் வளைத்து வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃபேஸ் ஏற்கெனவே மூடியிருப்பதால் அவர்கள் பயமில்லாமல் கைகளை முன்னே கொண்டுவரலாம். அந்தக் கால சாம்பியன் பென் ஹோகன் கதை வேறு. அவரை ஆரம்ப காலத்தில் வாட்டியது ஹூக், அதாவது பந்து கடுமையாக இடப்பக்கம் வளைவது. அதற்காகவே பிடியை வீக்காக்கிக்கொண்டவர் அவர். ஹோகனின் அபாரமான லேக்கையும் அந்தப் பிடியையும் சேர்த்து ஒரு ஸ்லைஸ்காரர் நகலெடுத்தால், தனக்கு இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்.

## முதல் வழி: கோணத்தைக் கையால் பிடித்து வைப்பது

செர்ஹியோ கார்சியாவின் டவுன்ஸ்விங் படத்தைப் பார்த்த யாருக்கும் இந்த ஆசை வரும். கைகள் இடுப்புக்கு வந்துவிட்டிருக்கும், கிளப் இன்னும் மேலேயே நிற்கும். அந்தப் படத்தை எட்ட முன்கையை இறுக்கி, மணிக்கட்டைப் பூட்டி இறக்குவதுதான் இந்த வழி.

படத்தைப் பற்றியே ஓர் எச்சரிக்கை. கைபேசி கேமரா ஒரு காட்சியை வரி வரியாகப் பதிவு செய்கிறது. கிளப் மிக வேகமாக நகர்வதால், பதிவு முடிவதற்குள் ஷாஃப்ட் இடம் மாறிவிடும். படத்தில் ஷாஃப்ட் வில்லாக வளைந்து தெரிவதில் பெரும்பகுதி இந்தக் கேமராவின் வேலை. அதைப் பார்த்து லேக் அதிகம், குறைவு என்று முடிவு செய்யக் கூடாது.

இயற்பியலும் இந்த வழிக்குச் சாதகமாக இல்லை. கிளப்பும் கையும் ஒன்றோடொன்று கோத்த இரண்டு ஊசல்கள் மாதிரி. கை வளைந்து வரும்போது கிளப் தலை வெளிநோக்கி இழுபட்டு, கோணம் தானே விரிகிறது. மேல்மட்ட ஆட்டக்காரர்களிடம் பந்தை நெருங்கும்போது கைகள் வேகம் குறைந்து, அந்த வேகம் கிளப் தலைக்குப் போகிறது. மணிக்கட்டைப் பூட்டினால் இந்தக் கைமாற்றத்தையே தடுக்கிறோம். லேக் கூடும், வேகம் குறையும். ஆசைப்பட்டதற்கு நேர் எதிர்.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கேதான் அதிகம். குறுந்தூரத்துக்கான வெட்ஜில் கைகள் மிகவும் முன்னால் சாய்ந்தால், அடிப்பக்கத்தின் பவுன்ஸ் (மண்ணில் புதையாமல் காக்கும் புடைப்பு) வேலை செய்யாமல் முன்விளிம்பு மண்ணில் குத்தும். குழிக்கு அருகிலிருந்து அடிக்கும் சிறிய சிப் ஷாட்கள் நாசமாகும். செங்குத்தாக மண்ணைக் குத்திக்கொண்டே இருந்தால் மணிக்கட்டும் முழங்கையும் வலிக்க ஆரம்பிக்கும். கைப்பிடியின் நுனி இடது உள்ளங்கையின் அடியில் இடித்து, அங்குள்ள சிறிய கொக்கி எலும்பு முறிவது கோல்ஃபில் அறியப்பட்ட காயம். அந்த இடத்தில் வலி தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

இது யாருக்கு உதவும்? ஸ்ட்ராங் பிடியுடன் (இடது கை அதிகம் வலப்பக்கம் திரும்பிய பிடி), பந்துக்கு முன்பே கைகளைப் புரட்டி ஹூக் அடிப்பவர்களுக்கு. எதிர்க்காற்றில் தாழ்வாக ஒரு பஞ்ச் ஷாட் அடிக்க வேண்டியபோது எல்லோருக்கும். அவ்வளவுதான். பெரிய கோணம் இல்லாமல் பெரிய ஆட்டம் ஆட முடியாது என்பதும் உண்மையல்ல. மணிக்கட்டை மிகக் குறைவாக மடக்கும் ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர் பிஜிஏ தொடரில் 12 வெற்றிகள் பெற்றவர்.

## இரண்டாவது வழி: பிடியைத் தளர்த்துவது

கையில் பறவைக் குஞ்சைப் பிடித்திருப்பது போல் பிடி என்ற அறிவுரையை அந்தக் கால சாம்பியன் சாம் ஸ்னீட் பெயரில் சொல்வார்கள். ஒன்று முதல் பத்து வரையிலான அளவில் நாலு, ஐந்தில் பிடி என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுவே. இறுகிய முன்கையில் மணிக்கட்டு மடங்காது, மடங்காத மணிக்கட்டில் லேக்குக்கு இடமில்லை. காரணம் சரியானது, பலனும் அன்றே தெரியும்.

ஆனால் இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கைப்பிடியில் உணரிகள் வைத்து அளந்தால், நல்ல ஆட்டக்காரர்களின் அழுத்தம் ஸ்விங் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆளுக்கு ஒரு வடிவத்தில் ஏறி இறங்குகிறது. சுமார் 200 கிராம் எடையுள்ள டிரைவர் தலை 100 மைல் வேகத்தில் சுழன்று வரும்போது கைகளை 20 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அப்போது பறவைக் குஞ்சுப் பிடி தாங்காது. கை தானாகவே இறுகும், இறுக வேண்டும். ஆக, தளர்வு என்பது தொடக்கத்துக்கு உரியது. கெடுப்பது இறுக்கம் மட்டுமல்ல, உச்சியிலிருந்து கிளம்பும் நொடியில் வலது கை திடீரென்று கவ்வுவதும்தான். அதிலும் வலது கட்டைவிரல் ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து அழுத்தினால் காஸ்டிங் உறுதி. அந்த விரலைத் தூக்கிவிட்டுச் சில பந்துகள் அடித்துப் பாருங்கள். மூல காரணம் அதுவாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

செலவுகள்: மையம் தவறிப் பட்ட பந்துகளில் கிளப் கையில் சுழலும். உச்சியில் பிடி நழுவி மறுபடி பற்றும் பழக்கம் வந்தால் அதைப் போக்குவது பெரும்பாடு. சென்னை, கொழும்பு மாதிரிப் புழுக்கமான ஊர்களில் வியர்வையே எதிரி. ஒரு சுற்றுக்கு இரண்டு கிளவ், துடைக்கத் துண்டு, சொரசொரப்பான கார்ட் கிரிப் (நூல் கலந்த கைப்பிடி உறை) இவை இல்லாமல் தளர்த்தச் சொல்வது அநியாயம். தேய்ந்து வழவழப்பான கிரிப்பையும், கைக்கு மெல்லியதாக இருக்கும் கிரிப்பையும் யாராலும் தளர்வாகப் பிடிக்க முடியாது. கிரிப்பை மாற்றுவதுதான் இந்த விளையாட்டிலேயே மலிவான ஸ்விங் திருத்தம்.

முன்கை இறுகி, விரல் முட்டி வெளுக்கும் அளவுக்குப் பிடிப்பவர்கள், முழங்கை உட்புறம் வலிப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

## மூன்றாவது வழி: அழுத்தப் புள்ளியைத் தேடுவது

எவ்வளவு இறுக்கம் என்று கேட்காமல், எந்த இடத்தில் அழுத்தம் என்று கேட்கிறது இந்த வழி. கிளப்பும் கையும் உடலும் தொடும் நான்கு இடங்களைச் சொல்வார்கள். வலது உள்ளங்கையின் அடிப்பகுதி இடது கட்டைவிரலின் மேல் அமரும் இடம் ஒன்று. இடது கையின் கடைசி மூன்று விரல்கள் இரண்டு. வலது ஆள்காட்டி விரலின் முதல் கணு ஷாஃப்டின் பின்பக்கத்தைத் தொடும் இடம் மூன்று. இடது மேல்கை மார்போடு ஒட்டும் இடம் நான்கு. லேக்குக்கு முக்கியம் மூன்றாம் புள்ளி. கிளப் தலையின் எடை பின்தங்குவதை நமக்குச் சொல்லும் இடம் அது. வலது கையில் கிளவ் இல்லை என்பதும் இங்கே வசதி.

வித்தியாசத்தை இப்படி உணரலாம். மேலிருந்து எறியும்போது அந்த விரலில் அழுத்தம் சட்டென்று ஏறி, பந்துக்கு முன்பே காணாமல் போகும். இழுத்து வரும்போது மெல்ல ஏறி, பந்தைத் தாண்டும் வரை இருக்கும். இதைக் கற்க நல்ல கருவி வீட்டிலேயே உண்டு: ஈரமான மாப். அதன் கம்பைக் கோல்ஃப் கிளப் மாதிரி பிடித்து, தரையோடு இடப்பக்கம் இழுங்கள். மாப் பின்னால் கனத்து வர, விரலில் அழுத்தம் நிற்கும். கைகளை மட்டும் முன்னே தள்ளினால் கம்பு ஓடும், துணி நிற்கும். உடம்போடு சேர்த்து இழுத்தால்தான் சீராக வரும். இந்தப் பயிற்சி பழையது, பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குக் கை கொடுத்தது.

அப்புறம் வெட்ஜ். கைகள் இடுப்புயரம் போகும் சிறு ஸ்விங், 30 கஜம். அந்த விரலின் அழுத்தம் பந்துக்குப் பின்னும் இருந்ததா என்று மட்டும் கவனியுங்கள். பந்து எங்கே போனது என்பது இப்போதைக்குப் பொருட்டில்லை. பங்க்கர் மணலில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, பந்தில்லாமல் அதன் மேல் அடித்துப் பாருங்கள். மணல் கோட்டுக்கு இடப்பக்கம் வெட்டுப்பட்டால் வேலை நடக்கிறது. வலப்பக்கம் வெட்டினால் இன்னும் எறிகிறீர்கள். மணல் பொய் சொல்லாது, யாரும் பக்கத்தில் நின்று சொல்லவும் வேண்டாம். நான் இந்த வழியின் பக்கம் நிற்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் கால் விநாடிக் கணக்கு. அழுத்தத்தைத் தொடர்ந்து வைத்திரு என்பது ஸ்விங் தொடங்கும் முன்பே எடுத்த ஒரே தீர்மானம். நடுவழிக் கட்டளை எதுவும் தேவையில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். அதிவேகப் படங்களில், டிரைவர் பந்தைத் தொடும் நேரம் ஷாஃப்ட் முன்பக்கமாகவே வளைந்திருக்கும். அதாவது அந்த நேரத்தில் கிளப் தலை கையை முந்த ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் புள்ளியின் அழுத்தம் முழு டிரைவர் ஸ்விங்கில் பந்து வரை நிற்பதாக நமக்குத் தோன்றுவது உணர்வு, அளவீடு அல்ல. எனவே இந்த வழி வெட்ஜிலும் குட்டை அயர்ன்களிலும் கூர்மையாக உதவும், நீளமான கிளப்பில் மங்கும். இன்னொரு ஆபத்து, விரலில் அழுத்தத்தை உணர்வதற்குப் பதிலாக விரலால் தள்ளத் தொடங்குவது. பந்து இடப்பக்கம் வளைய ஆரம்பித்தால் அதுதான் நடக்கிறது. பொறுமையும் வேண்டும். சில வாரங்கள் பயிற்சித் திடலில் (ரேஞ்ச்) எல்லோரும் டிரைவர் விளாசும்போது நீங்கள் 30 கஜம் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

## நான்காவது வழி: உடம்பை முதலில் திருப்புவது

நல்ல ஸ்விங்கில் வேகம் ஒரு வரிசையில் உச்சம் தொடுகிறது: இடுப்பு, மார்பு, கை, கடைசியாகக் கிளப். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது கால் எடையை வாங்கினால், லேக் கேட்காமலே உண்டாகிறது. பழக எளிய பயிற்சி: இரு பாதமும் சேர்த்து நின்று தொடங்கி, கிளப் உச்சியை எட்டும் முன்பே இடது காலை இடப்பக்கம் எடுத்து வைத்து அடிப்பது.

டிரைவர் தூரத்துக்கு நிலையான தீர்வு இதுதான். தோளால் தொடங்கி மேலிருந்து குறுக்கே வெட்டுபவர்களுக்கு வேறு வழியும் இல்லை. விரலில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் பாதை தவறாகவே இருக்கும்.

ஆனால் நான்கில் இதற்குத்தான் அதிக நேரமும் பணமும் ஆகும். இடுப்பை வெறுமனே சுழற்றிக் கைகளைப் பின்னால் விட்டுவிட்டால், பந்து வலப்பக்கம் தள்ளப்படும். அதைக் காப்பாற்றக் கையைப் புரட்டினால் ஹூக். தானாகப் பார்த்துத் திருத்துவது கடினம், பயிற்சியாளர் கண் வேண்டும். முதுகு வலியோ இடுப்பு இறுக்கமோ உள்ளவர்கள் உடற்பயிற்சியும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | முழு வேகத்தில் | பொருந்தும் கிளப் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கோணம் பிடித்தல் | நிற்காது | பஞ்ச் ஷாட் மட்டும் | ஸ்லைஸ், வேகக் குறைவு, மணிக்கட்டு வலி | ஹூக்காரர் |
| பிடித் தளர்வு | பாதி நிற்கும் | எல்லாம் | கிளவ், புது கிரிப், நழுவல் | இறுக்கிப் பிடிப்பவர் |
| அழுத்தப் புள்ளி | நிற்கும் | வெட்ஜ், அயர்ன் | பொறுமை | ஃபேட், தின் அடிப்பவர் |
| உடல் வரிசை | நிற்கும் | எல்லாம், டிரைவர் முக்கியமாக | பயிற்சியாளர் கட்டணம், மாதங்கள் | மேலிருந்து குறுக்கே வெட்டுபவர் |

## உங்கள் ஆட்டம் எது?

முதலில் உங்களைப் படம் எடுங்கள். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படம், டவுன்ஸ்விங்குக்குக் கிடைப்பது ஏழெட்டுப் படங்கள்தான். விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் சுமார் 60 கிடைக்கும். மார்புக்கு நேரே, கை உயரத்தில் கைபேசியை வைத்து ஒரு முறை, இலக்குக் கோட்டின் பின்னாலிருந்து ஒரு முறை எடுங்கள்.

பின்னாலிருந்து பார்க்கும்போது கிளப் வெளியே சுற்றி உள்ளே வெட்டினால் நான்காவது வழி. கையில் பணம் இருந்தால் பயிற்சிக் கருவிகளில் போடாமல் பயிற்சியாளரிடம் போடுங்கள். வளையும் தண்டு, எடை கூட்டிய கிளப் என்று கடையில் விற்பவற்றில் நல்லவை உண்டு. அவை தாளத்தைக் கற்றுத்தரும், பாதையைத் திருத்தித் தராது.

பாதை ஏறக்குறைய சரி, ஆனால் ஒரு பந்து ஃபேட், அடுத்தது தின் என்றால் மூன்றாவது வழி, மாப்பும் வெட்ஜும். முன்கை கல்லாக இறுகியிருந்தால் கிரிப்பை மாற்றி இரண்டாவதில் தொடங்கி, அப்புறம் மூன்றாவதுக்குப் போகலாம். இந்த இரண்டும் அழகாகச் சேரும். முதல் வழியையும் இரண்டாவதையும் மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். பூட்டிய மணிக்கட்டும் தளர்ந்த விரலும் ஒரே கையில் இருக்க முடியாது.

இரண்டு வாரத்தில் போட்டி இருக்கிறதா? அப்படியானால் நான்கில் எதையும் தொடாதீர்கள். புது கிளவ் வாங்கி, வழக்கத்தை விட ஒரு படி தூரம் போகும் கிளப்பை எடுத்து ஆடிவிட்டு வாருங்கள். 150 கஜத்துக்கு 7 அயர்ன் எட்டவில்லை என்றால் 6 எட்டும்.